அறுத்த சூட்டோடு ஃப்ரீசரில் வைத்த ஆட்டிறைச்சி ரப்பராவது ஏன்?

கேள்வி: பினாங்கு, நிபோங் திபாலில் ஆடு வளர்க்கிறேன். தீபாவளி ஆர்டருக்கு ஒரு வயதுக் கிடாய்களை அறுத்து, எலும்பு நீக்கித் துண்டு போட்டு, சூடு ஆறுவதற்குள் ஃப்ரீசரில் வைத்தேன். இளங்கிடாய்தான், ஆனாலும் கறி ரப்பர் மாதிரி இருக்கிறது, தண்ணீரும் நிறைய விடுகிறது என்கிறார்கள். தீவனத்தில் குறையா ஐயா?

பதில்: தீவனத்தில் குறையில்லை. நீங்கள் அவசரப்பட்டுக் குளிரில் வைத்ததுதான் காரணம்.

ஆட்டின் உயிர் போனாலும் தசை சில மணி நேரம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இழைக்குள் கால்சியம் பரவினால் தசை சுருங்கும். அந்தக் கால்சியம், அதை இழைக்குள்ளே சேமித்து வைக்கும் நுண்ணிய பைக்குள் திரும்பினால் தளரும். பையின் சுவரிலுள்ள பம்ப் ஒரு ஏடிபியை (தசைக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவழித்து இரண்டு கால்சியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இழை எவ்வளவு சீக்கிரம் தளரும் என்பது பெரும்பாலும் இந்தப் பம்பின் கையில். வெள்ளை இழையில் பம்புகள் அதிகம், சட்டென்று தளரும். சிவப்பு இழையில் குறைவு. குளிரில் எந்தப் பம்பும் மந்தமாகிவிடும்.

ஏடிபி மீதமிருக்கும்போதே தசை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கால்சியம் வெளியிலேயே நிற்கும். தசை இழுத்துச் சுருங்கும். ஏடிபி தீர்ந்ததும் சுருங்கிய நிலையிலேயே விறைத்துவிடும். 1963-இல் நியூசிலாந்தில் லாக்கர், ஹாக்யார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் மாட்டுத் தசையில் அளந்து பார்த்தார்கள்: 14 முதல் 19 டிகிரியில் சுருக்கம் மிகக் குறைவு, 2 டிகிரியில் நீளம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. ஆட்டுக்குக் கொழுப்புப் போர்வை மெல்லியது, சீக்கிரம் குளிர்ந்துவிடும். எலும்பையும் நீக்கிவிட்டீர்கள், தசையை நீட்டிப் பிடிக்க எதுவுமில்லை. விறைக்கும் முன்பே உறைந்த கறி உருகும்போது நிலைமை இன்னும் மோசம்: கால்சியம் மொத்தமாகக் கொட்டி, தசை ஒரேயடியாகச் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடும். உங்கள் வாடிக்கையாளர்கள் பார்த்தது அதைத்தான்.

அடுத்த முறை அறுத்ததும் துண்டு போடாதீர்கள். முழு உடலையும் இடுப்பெலும்பில் கொக்கி மாட்டித் தொங்கவிடுங்கள்; தொடையும் முதுகுச் சதையும் நீண்டே நிற்கும். சுத்தமான அறையில் 15 டிகிரி அளவில், முதல் 10 மணி நேரம் தசையின் உள்வெப்பம் 10-க்குக் கீழே போகாமல் பாருங்கள். குத்து முனையுள்ள பி.எச். மீட்டர் (அமிலத்தன்மையை அளக்கும் கருவி; அமிலம் கூடினால் எண் இறங்கும்) இருந்தால் இன்னும் நல்லது: தொடையில் 6-க்குக் கீழே இறங்கிய பிறகு 4 டிகிரி சில்லருக்கு மாற்றலாம். அங்கே இரண்டு நாள் வைத்து, அதன் பிறகே வெட்டி உறைய வையுங்கள். அதற்காக நம்மூர் 30 டிகிரி வெக்கையில் வெளியே தொங்கவிடக் கூடாது. கிருமி பெருகும், சூட்டிலும் தசை சுருங்கும். முந்தின நாள் ஆட்டை ஓடவிட்டு, அடித்து இழுத்து வராதீர்கள். தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்ந்துபோனால் பி.எச். இறங்காது, கறி கறுத்து, சீக்கிரம் கெடும்.

ஃப்ரீசரில் இன்னும் உருகாமல் இருக்கும் கறியை இப்போது வெளியே எடுக்காதீர்கள். சில வாரம் உறைந்தே கிடந்தால் மிச்ச ஏடிபி மெல்லத் தீரும், உருகும்போது சுருக்கம் குறையும். ஏற்கெனவே சுருங்கியது திரும்ப நீளாது. அதைக் கொத்துக்கறியாக விற்றுவிடுங்கள்.