60-களின் ஆரம்பப் படங்களில் வரும் ட்விஸ்ட் நடனத்தை எப்படி ஆடுவது? ஆடிப் பார்த்தால் முட்டி வலிக்கிறதே, ஏன்?

பெரும்பாலும் குதிகாலை ஊன்றிக்கொண்டு ஆடுவதுதான் காரணம். பாதம் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கல் அத்தனையும் முட்டியில் போய் இறங்கும். இந்த ஆட்டம் உச்சத்தில் இருந்தபோதே டாக்டர்கள் முட்டியையும் முதுகையும் சொல்லி எச்சரித்தார்கள்.

'தி ட்விஸ்ட்' பாட்டால் இந்த ஆட்டத்தைப் பரப்பிய அமெரிக்கப் பாடகர் சப்பி செக்கர் சொன்ன விளக்கத்தைவிட எளிதான பாடம் கிடையாது: இரண்டு காலாலும் சிகரெட்டை நசுக்கி அணைக்க வேண்டும், அதே நேரம் குளித்துவிட்டு வந்து துண்டால் பின்புறத்தைத் துவட்டுவது போலக் கை போக வேண்டும். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியை லேசாக மடக்குங்கள். எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்கட்டும். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். இடுப்பு வலப்பக்கம் போனால் கை இடப்பக்கம். இரண்டும் ஒரே பக்கம் போனால் அது ட்விஸ்ட் அல்ல, தள்ளாட்டம்.

ரப்பர் அடிச்செருப்பு வேண்டாம், தரையைக் கவ்விப் பிடிக்கும். தோல் அடியுள்ள ஷூ நல்லது; வீட்டில் என்றால் மொசைக் தரையில் சாக்ஸ் போதும், ஆனால் முழுதாக வழுக்கினாலும் ஆபத்து. செக்கரின் அசல் பாட்டு வேகமானது. முதலில் முக்கால் வேகத்தில் ஓடவிட்டுப் பழகுங்கள். சாய்ந்து ஒரு காலைத் தூக்குவதெல்லாம் பிறகு.

படத்தைப் பார்த்துக் கற்பதில் ஒரு சிக்கல்: கேமரா முகத்துக்குப் போனதும் கால் மறைந்துவிடும். 1961 டிசம்பரில் வந்த 'ட்விஸ்ட் அரவுண்ட் தி கிளாக்' 1956-இல் வந்த ராக் அண்ட் ரோல் படத்தின் கதையையே திரும்ப எடுத்தது. மோகம் அடங்குவதற்குள் காசு பார்க்க வேண்டுமே! கதைக்காக அதைப் பார்க்காதீர்கள், முழு உருவம் தெரியும் ஷாட்டுகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

காலைப் பார்த்துப் பழக என் சிபாரிசு பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் 'பாண்ட் ஆ பார்' (1964). அதில் கஃபேயில் மூவர் ஆடுவது ட்விஸ்ட் இல்லை, மாடிசன்; ஜோடி சேராமல் வரிசையாக நின்று ஆடுவது. ஆனாலும் மூவரும் தலை முதல் கால் வரை தெரிகிறார்கள். நடுநடுவே கோதார் இசையை வெட்டிவிட்டுத் தன் குரலில் பேசுகிறார். அப்போது காலடியும் கைத்தட்டலும் விரல் சொடுக்கும் மட்டும் தனியாகக் கேட்கும். அந்த இடங்களில் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.