காய்ந்துபோன சுருட்டைக் காப்பாற்ற முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மச்சான் துபாயிலிருந்து லீவில் வந்தபோது 25 சுருட்டு உள்ள க்யூபா பெட்டி ஒன்று கொண்டுவந்தார். விசேஷ நாட்களில் ஒன்றிரண்டு எடுத்தது போக 19 மிச்சம். இரண்டு வருஷமாக ஏசி ரூம் அலமாரியிலேயே கிடந்தது. போன வாரம் ஒன்றைப் பற்றவைத்தால் நாக்கும் தொண்டையும் எரிகிறது, பாதி நேரத்தில் எரிந்தும் தீர்ந்துவிட்டது. தோவாளையில் பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல் தெளித்து, ஈரத் துவர்த்தில் (துண்டில்) சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. செய்யலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: தயவுசெய்து தெளிக்காதீர்கள், துவர்த்தும் வேண்டாம். பூ ஒரு நாள் வாடாமல் இருந்தால் போதும், சுருட்டு அப்படி இல்லை. இதே அவசரத்தில் நான் ஐந்து சுருட்டைப் பறிகொடுத்திருக்கிறேன். ஈரப் பஞ்சை நெருக்கமாக வைத்து டப்பாவை மூடிவிட்டு, மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், பற்றவைக்கிற முனையிலிருந்து மேல் இலை வெடித்து, நரம்பை ஒட்டியே ஒரு கோடு மேலே ஏறியிருந்தது. ஒன்று கையில் எடுக்கும்போதே சுருள் சுருளாக உரிந்து வந்தது. அதை ஒட்டவைக்க எந்தப் பசையாலும் முடியவில்லை.

ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். கையால் சுருட்டிய நல்ல சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு: நடுவில் உள் இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை, வெளியே அழகுக்கும் மணத்துக்கும் மெல்லிய மேல் இலை. ஈரம் பட்டால் உள்ளே இருப்பது உப்பும், அதுவும் வெட்டித் திறந்திருக்கிற முனை வழியாக ஈரம் முதலில் உள்ளேதான் போகும். காய்ந்து விறைத்துப்போன மேல் இலையால் அந்த வேகத்துக்கு நீண்டு கொடுக்க முடியாது, கிழிந்துவிடும். அதனால் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் ஏற்றுவது. காய்வதற்கு இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டதற்கு மீள இரண்டு மாதமாவது கொடுங்கள்.

முதலில் 19-ஐயும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் லேசாக, மிக லேசாக அழுத்தினால் நொறுநொறு என்று சத்தம் கேட்கும், அது காய்ந்ததன் அடையாளம்தான், பயப்பட வேண்டாம். மேல் இலை ஏற்கெனவே வெடித்ததைத் தனியாக வையுங்கள். ஊசி குத்தியதுபோல் ஓட்டை இருந்தால் அதை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது, காரணம் பின்னால் இன்னொரு கேள்வியில் வருகிறது.

அடுத்து ஒரு காற்றுப்புகாத டப்பா. மாவு, அரிசி போட்டு வைக்கிற நல்ல பிளாஸ்டிக் டப்பா போதும், ஆனால் புதிதாக இருக்க வேண்டும். கருவாடோ மசாலாவோ இருந்த டப்பாவை எத்தனை தரம் கழுவினாலும் புகையிலை அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும். சுருட்டு வந்த மரப்பெட்டியை மூடி லேசாகத் திறந்த நிலையில் அப்படியே டப்பாவுக்குள் இறக்கிவிடலாம். அந்தப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் ஸ்பானிஷ் சிடார் என்கிற மரம்தான். பெயரில் சிடார் இருந்தாலும் அது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரத்தை வாங்கி மெதுவாக விடும், அதனால் ஈரம் சட்டென்று ஏறாமல் அது பார்த்துக்கொள்ளும். கண்ணாடித் தாள் சுற்றிய சுருட்டாக இருந்தால் தாளைப் பிரிக்க வேண்டாம், ஈரம் அதற்குள் மெல்லப் போகும். அலுமினியக் குழாயில் வந்ததென்றால் மூடியைக் கழற்றிவிடுங்கள்.

ஈரத்துக்கு, போவேடா மாதிரியான ஈரப்பதப் பைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. 62, 65, 69 என்று எண் போட்டிருக்கும், அது எத்தனை சதவீத ஈரப்பதத்தில் காற்றை நிறுத்தும் என்பதற்கான எண். குறைந்தால் ஈரம் விடும், கூடினால் உறிஞ்சும். 62-ல் தொடங்குங்கள். மூன்று வாரம் அதில் இருக்கட்டும். அப்புறம் 65 பை, இன்னும் மூன்று நான்கு வாரம். வாரம் ஒரு தடவை திறந்து, அடியில் இருப்பதை மேலேயும் மேலே இருப்பதை அடியிலும் மாற்றி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி வையுங்கள், திறக்கிற அந்த நேரத்தில் காற்றும் மாறும். தினமும் திறந்து பார்க்கிற ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

69 வரை போக வேண்டுமா என்றால், நம் குமரி மாவட்டத்தில் வேண்டாம் என்பேன். 70 சதவீதம், 20 டிகிரி என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பது குளிர்ந்த அறைக்கான கணக்கு. நம் வீடுகளில் 30 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் 70-க்குப் பக்கத்தில் வைத்தால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நாமே இடம் பிடித்துக் கொடுத்ததுபோல் ஆகும். 65 நமக்கு நன்றாகப் போதும்.

பை வாங்க வழியில்லையென்றால், சின்ன ஸ்பாஞ்ச் துண்டை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, ஒரு பாட்டில் மூடியில் வைத்து டப்பாவின் மூலையில் வையுங்கள், சுருட்டில் படவே கூடாது. கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஆகாது, அதில் உள்ள உப்பும் கிருமியும் ஸ்பாஞ்சிலேயே பூஞ்சையைக் கிளப்பிவிடும். ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், பழம் அழுகும்போது சுருட்டும் சேர்ந்து கெடும். ஸ்பாஞ்ச் வைத்தால் ஒரு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க நம் புத்தளம் உப்பே போதும். ஒரு மூடியில் ஒரு ஸ்பூன் கல்லுப்பைப் பொடித்துப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஒரு ஜிப் கவரில் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீட்டர் எப்போதும் 4 குறைவாகச் சொல்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

டப்பாவைத் திரும்பவும் அந்த ஏசி ரூமிலேயே வையுங்கள். கேட்க முரணாகத் தோன்றும். ஏசி காற்று ஈரத்தை எடுத்துவிட்டதால்தான் சுருட்டு காய்ந்தது, ஆனால் டப்பா இறுக்கமாக மூடியிருந்தால் அந்தக் காற்று உள்ளே போகாது, குளிர்ச்சி மட்டும் கிடைக்கும். மொட்டைமாடி அறையும் அடுப்படிப் பரணும் கூடவே கூடாது.

எப்போது தயார் என்று கை சொல்லிவிடும். நடுவில் இரண்டு விரலால் அழுத்தினால் மெல்ல உள்வாங்கி, விட்டதும் திரும்பி வர வேண்டும், சத்தம் வரக்கூடாது. அப்போது ஒன்றை மட்டும் பற்றவைத்துப் பாருங்கள். எரிச்சல் போயிருக்கும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும், இலையின் மணம் அதிலுள்ள எண்ணெய்ச் சத்தில் இருக்கிறது, காயும்போது அதில் ஒரு பகுதி காற்றோடு போய்விட்டது, தண்ணீர் திரும்பி வரும், எண்ணெய் வராது. இரண்டு வருஷம் மூடிய பெட்டிக்குள் இருந்ததால் கொஞ்சம் மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. சருகாய்ப் பொடிந்துபோனதற்காக இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்தால் சுருட்டு காயாது என்கிறார்களே? (குளச்சல் வாசகர்)

பதில்: நன்றாகக் காயும். ஐஸ் கட்டாத ஃப்ரிட்ஜின் வேலையே உள்ளே உள்ள ஈரத்தை இழுத்து வெளியே தள்ளுவதுதான், மூடாமல் வைத்த கீரை இரண்டு நாளில் என்ன ஆகிறது என்று பாருங்கள். போதாததற்கு உங்கள் ஊரில் ஃப்ரிட்ஜில் மீன் இல்லாத நாள் ஏது?

கேள்வி: மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் சுருட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. நன்கு பழகிய சுருட்டில் அப்படி வரும், நல்லதுதான் என்கிறார்கள். (குலசேகரம் வாசகர்)

பதில்: உங்கள் பக்கம் ரப்பர் ஷீட்டில் மழைக்காலத்தில் பூப்பது யாருக்கும் தெரியாததா? அதே பூஞ்சை வகையறாதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்லது என்று நம்பி விடவேண்டாம். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் கிடைக்கிற நம் ஊரில் சுருட்டுக்குக் காய்வதைவிட ஈரம்தான் பெரிய எதிரி. மேல் இலையில் மட்டும் மெல்லியதாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, 62 பையோடு தனி டப்பாவில் வைத்துக் கவனிக்கலாம். பச்சை, நீலம் கலந்திருந்தாலோ, பஞ்சுபோல் எழும்பியிருந்தாலோ, பற்றவைக்கும் முனையில் உள் இலையிலேயே இருந்தாலோ தூக்கிப் போடுங்கள். அந்தப் புகையை உள்ளே விடுவதற்குச் சுருட்டே இல்லாமல் இருப்பது மேல். பெட்டியையும் நன்றாகத் துடைத்து, நிழலில் காற்றாட வைத்த பிறகே திரும்ப நிரப்ப வேண்டும்.

கேள்வி: சுருட்டில் குண்டூசி குத்தியது மாதிரி ஓட்டை, தட்டினால் பொடி கொட்டுகிறது. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: புகையிலை வண்டு. உங்கள் அடுக்களைக்கும் பழக்கமானதுதான், மஞ்சளிலும் மல்லியிலும் காய்ந்த மிளகாயிலும் விழுகிற தவிட்டு நிறச் சின்ன வண்டு அதே இனம். முட்டை இலைக்குள்ளேயே வந்திருக்கும், 24 டிகிரிக்கு மேல் சூடும் நல்ல ஈரமும் சேர்ந்தால் பொரிந்துவிடும். ஓட்டை விழுந்ததைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தை இரண்டு ஜிப் கவருக்குள் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் மூன்று நாள், அப்புறம் கவரைப் பிரிக்காமல் கீழே ஃப்ரிட்ஜில் ஒரு நாள், பிறகு வெளியே ஒரு நாள். நேராக ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தால் சூட்டு வித்தியாசத்தில் மேல் இலை வெடிக்கும். காய்ந்த சுருட்டை மீட்கப்போகிறவர்களும் ஈரம் ஏற்றுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடலாம். முட்டை கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: என் வீட்டுக்காரர் சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் ஒன்றும் ஆகாது என்கிறார். உண்மையா? (மார்த்தாண்டம் வாசகி)

பதில்: உண்மை இல்லை சகோதரி. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் சேரும், இழுக்கத் தேவையே இல்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் சுருட்டுக்கும் உண்டு. ஏசி ரூமை மூடிக்கொண்டு பிடித்தால் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் புகைதான். பாழாகப் போகிற பொருளைக் காப்பாற்ற வழி கேட்டார்கள், மேலே சொன்னேன். பிடிக்காதவர் தொடங்க வேண்டும் என்று இதில் ஒரு வரியும் இல்லை. விட நினைத்தால் அரசு மருத்துவமனையில் கேட்கச் சொல்லுங்கள், உதவி கிடைக்கும்.

கேள்வி: தாத்தா பிடித்த திண்டுக்கல் சுருட்டு ஒரு கட்டு பத்தாயத்தில் கிடைத்தது. இதையும் இப்படி மீட்கலாமா? (பூதப்பாண்டி வாசகர்)

பதில்: முறை அதேதான். இரண்டு முனையும் வெட்டித் திறந்திருப்பதால் ஈரம் இரண்டு பக்கமும் சீக்கிரம் ஏறும், 62 பையில் இரண்டு வாரத்துக்குப் பிறகு தொட்டுப் பாருங்கள். ஆனால் பத்தாயத்தில் இத்தனை வருஷம் நெல்லோடு கிடந்தது என்றால் வண்டு விழுந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், முதலில் தட்டிப் பாருங்கள். தாத்தாவின் நினைவுக்கு இரண்டை அப்படியே காய்ந்தபடியே எடுத்து வைத்துவிடுங்கள், அதற்கு ஈரம் எதற்கு?