இயர் 12இல் முதல் டி கிரேட்: பெற்றோர் இனி என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். மகன் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுச் சோதனையில் எல்லாப் பாடத்துக்கும் 8, 9 எடுத்தவன்; 9தான் உச்சம். இப்போது சிக்ஸ்த் ஃபோமில் இயர் 12, அதாவது இரண்டு வருட ஏ லெவலின் முதல் வருடம். பயோலஜி, கெமிஸ்ட்ரி, மெத்ஸ் படிக்கிறான். முதல் தவணைச் சோதனையில் கெமிஸ்ட்ரிக்கு டி, பயோலஜிக்கு சி. அப்பாவுக்கு இவன் டொக்டராக வேண்டும். இவனோ டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் என்று ஏதோ சொல்கிறான். மேலே கேட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். இன்னொரு டியூஷன் போடுவதா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த டி. ஜி.சி.எஸ்.இ.யில் 9 எடுத்த பிள்ளை இயர் 12இன் முதல் சோதனையில் டி எடுப்பது சிக்ஸ்த் ஃபோம் ஆசிரியர்கள் வருடாவருடம் பார்க்கிற விஷயம்தான். ஜி.சி.எஸ்.இ.க்கும் ஏ லெவலுக்கும் நடுவில் உள்ள படி அவ்வளவு உயரம்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மிகவும் கூடினால் நொதியத்தின் (என்சைம்) வேலை ஏன் குறைகிறது? "நொதியம் சிதைந்துவிடும், அதனால் வேலை செய்யாது" என்று எழுதினால் ஜி.சி.எஸ்.இ.யில் ஏதாவது புள்ளி கிடைக்கும். ஏ லெவலில் போதாது. ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுகின்றன, அதனால் புரதத்தின் கட்டமைப்பு மாறுகிறது, அதனால் வினை நடக்கும் இடத்தின் வடிவம் மாறுகிறது, அதனால் அங்கே வந்து சேர வேண்டிய மூலக்கூறு பொருந்தாமல் போகிறது என்று படிப்படியாக எழுத வேண்டும். புள்ளி அந்தப் படிகளுக்குத்தான். உங்கள் மகனுக்கு இது தெரிந்தே இருக்கலாம், ஆனால் எழுதியிருக்க மாட்டான்.

ஆகவே டியூஷன் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். அவனுடைய பரீட்சை வாரியத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களும், எதற்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் புள்ளித் திட்டமும் இலவசமாகக் கிடைக்கின்றன. திருத்தி வந்த சோதனைத் தாளை எடுத்து, போன ஒவ்வொரு புள்ளியும் ஏன் போனது என்று ஒரு கொப்பியில் அவன் எழுதட்டும்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, பாதியில் நிறுத்தினானா? இரண்டு வாரம் செய்தாலே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் கெமிஸ்ட்ரியில் ஒரு பகுதி விளங்கவே இல்லையென்றால், அந்தப் பகுதிக்கு மட்டும் ஆள் தேடுங்கள். சனி ஞாயிறு முழுவதும் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தானாகப் படிக்க நேரமே இருக்காது. ஏ லெவலில் ஒரு பாடத்துக்கு வாரம் நான்கைந்து மணி நேரம் தனிப் படிப்பு வேண்டும்.

அடுத்தது காலக்கணக்கு. நம் பெற்றோர் பலர் சறுக்குவது இங்கேதான். ஊரில், இலங்கையில், முதலில் ஏ.எல். சோதனை, பிறகு அதன் முடிவோடு வரும் தரப்புள்ளியான இசட் ஸ்கோர், அதன் பிறகுதான் பல்கலைக்கழக விண்ணப்பம். இங்கிலாந்தில் வரிசை தலைகீழ். இயர் 13 தொடங்கியதுமே, கடைசிச் சோதனைக்குப் பல மாதம் முன்பே, யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் பல்கலைக்கழக விண்ணப்பம் போகிறது. அதில் ஆசிரியர்கள் போடுவது பிரெடிக்டட் கிரேட், அதாவது இந்தப் பிள்ளை என்ன எடுப்பான் என்ற அவர்களின் கணிப்பு. பெரும்பாலான பள்ளிகளில் இயர் 12 முடிவில் நடக்கும் சோதனைதான் அதற்கு முக்கிய ஆதாரம். "கடைசி வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு இங்கே சரிவராது. இப்போது வந்த டி அந்த விண்ணப்பத்தில் பதிவாகப் போவதில்லை; ஜூன், ஜூலையில் வருவதுதான் பேசும். சரி, அதுவரை நேரம் இருக்கிறது.

மருத்துவத்துக்கும், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜுக்கும் கடைசித் திகதி அக்டோபர் 15. மற்றப் பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி நடுப்பகுதி. மருத்துவம் என்றால் இயர் 12 முடிந்த கோடையிலேயே யூகேட் என்ற நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். பெரும்பாலான மருத்துவப் பள்ளிகள் மூன்று ஏ, அல்லது அதற்கும் மேல் கேட்கின்றன. யூகாஸில் ஐந்து தெரிவுகள் உண்டு. மருத்துவத்துக்கு நான்குக்கு மேல் பயன்படுத்த முடியாது. ஐந்தாவதில் வேறு படிப்பு போடலாம்.

இப்போது அப்பாவின் ஆசை. வெளிப்படையாகச் சொல்கிறேன்: விருப்பம் இல்லாத பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்பாதீர்கள். ஐந்து ஆறு வருடப் படிப்பு அது. நேர்முகத்தில் "ஏன் மருத்துவம்?" என்று கேட்பார்கள், அப்பாவுக்காக என்று அங்கே சொல்ல முடியாது. டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்பை அப்பா கைத்தொழில் பயிற்சி என்று நினைத்திருக்கலாம். அது சம்பளத்தோடு வேலை, கூடவே பல்கலைக்கழகப் படிப்பு, முடிவில் முழு டிகிரி. படிப்புக் கட்டணம் பிள்ளை கட்டத் தேவையில்லை. ஆனால் பெரிய நிறுவனங்களின் இடங்களுக்குப் போட்டி கடுமை, யூகாஸ் போல ஒரே கடைசித் திகதியும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குத் திறந்து மூடும். விளம்பரத்தில் டிகிரித் தரமான லெவல் 6 என்று இருக்கிறதா, டிகிரி உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். யூகாஸுக்கும் இதற்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம், தடையில்லை. இந்த இரண்டு வழியையும் அவனே ஆராய்ந்து அப்பாவுக்கு ஒரு நாள் விளக்கட்டும். அப்பா குறுக்கிடாமல் கேட்கட்டும்.

பல்கலைக்கழகம் என்று முடிவானால் கடனை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2025-26இல் இங்கிலாந்தில் கட்டணம் ஆண்டுக்கு அதிகபட்சம் 9,535 பவுண்டாக இருந்தது. கட்டணத்தை மாணவர் கடன் நேரே பல்கலைக்கழகத்துக்குக் கட்டிவிடும். வேலைக்குப் போன பின், ஆண்டுச் சம்பளத்தில் 25,000 பவுண்டுக்கு மேலுள்ள பகுதியில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 30,000 சம்பளம் என்றால் மாதம் 37 பவுண்டு சொச்சம். 40 வருடத்தில் மீதி தள்ளுபடி. இதற்காக வீட்டை அடகு வைப்பதும் சீட்டு எடுப்பதும் தேவையில்லை. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வதிவிட அனுமதி உள்ள குடும்பம் என்றால் விதிகள் வேறு. பிள்ளைக்குக் கடன் கிடைக்குமா என்று இப்போதே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, அவன் சாத்திக்கொள்ளும் அந்தக் கதவு. டி எடுத்ததில் உங்களைவிட அவனுக்குத்தான் வெட்கம். கனடாவில் இருக்கும் அத்தையிடம் போனில் அவன் புள்ளியைச் சொல்லாதீர்கள், உள்ளே எல்லாம் கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் படிப்பைப் பற்றிப் பேச்சு வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒரு அரை மணி நேரம், அதற்கென்று ஒதுக்குங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்து, நண்பர்களையும் தவிர்த்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், காட்டுங்கள். 16 வயதாகிவிட்டதால் அவன் தனியாகவும் போகலாம்.

அடுத்த பெற்றோர் சந்திப்புக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்றைய நிலையில் என்ன கிரேட் கணிப்பீர்கள், அது உயர எந்தச் சோதனையைப் பார்ப்பீர்கள், இயர் 13 தொடக்கத்தில் அதை மாற்ற இடமுண்டா என்று அவனே கேட்கட்டும். யூகாஸ் விண்ணப்பத்துக்குப் பள்ளி வைத்திருக்கும் உள் திகதியையும் கேட்டு வையுங்கள். யூகாஸின் திகதியைவிட அது சில வாரங்கள் முந்தியே இருக்கும்.