காந்தப்புல நடுக்கம்: கேட்டதும் சொன்னதும்

கே: சார், பூமியின் காந்தப்புலம் நிலையானதுதானே? அதில் எதை அளக்கிறீர்கள்?

ப: திருநெல்வேலிப் பக்கம் அது சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அதன் மேல் ஓயாமல் ஒரு நடுக்கம் இருக்கும். சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக்காற்று உரசிப் போகும்போது காந்தக்கோடுகள் தந்தி போல அதிரும். ஓர் அதிர்வுக்கு 150 முதல் 600 விநாடி எடுப்பவற்றை பிசி5 என்ற வகை என்போம். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டையின் எலக்ட்ரான்களுக்கு வேகம் ஏற்றுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு.

கே: கல்லூரி மாடியில் காந்தமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை ஆறரைக்கு ஒரு துடிப்பு. பிசி வகையா?

ப: ஆறரைக்குத் தண்ணீர் மோட்டார் போடுவது யார் என்று முதலில் விசாரியுங்கள். இப்படி ஒரு துடிப்பைப் பார்த்து ஒரு வாரம் பூரித்துப் போனவன் நான். பம்பாயில் மின் டிராம் வரப்போகிறது, அதன் மின்சாரம் அளவைக் கெடுக்கும் என்றதும் கொலாபா காந்த ஆய்வகத்துக்கு மாற்றாக 1904இல் அலிபாகில் ஒன்றைத் தொடங்கினார்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலத்தின் காந்தமானிகூட, கலத்தின் சொந்தக் காந்தத்திலிருந்து விலகி, 6 மீட்டர் கம்பில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. சந்தேகத்தை வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.

கே: காந்தப்புயலில் தலைவலி வருமா?

ப: டாக்டரைக் கேளுங்கள்.

கே: விண்வெளியில் காந்தப்புலத்தை அளக்க ஒரு கலம் போதாதா? கிளஸ்டர் திட்டத்தில் நான்கு, எம்எம்எஸ் திட்டத்தில் நான்கு. வீண் செலவுதானே?

ப: இருட்டில் வண்டி குலுங்குகிறது. பள்ளமா, பூமி அதிர்ந்ததா? பின்னால் இன்னொரு வண்டி வந்தால் தெரியும். அதே இடத்தில் குலுங்கினால் பள்ளம், அதே நேரத்தில் குலுங்கினால் அதிர்வு. கலங்களும் அப்படித்தான்.

கே: மீண்டும் நான்தான். அலை உருமாறாமல் ஓட்டத்தோடு கலத்தைக் கடந்து போகிறது என்னும் டெய்லர் கருதுகோளை வைத்து, ஒரே கலத்தில் நேரத்தைத் தூரமாக மாற்றலாமே?

ப: சூரியக்காற்றில் மாற்றலாம். அது விநாடிக்கு 400 கி.மீ. போல ஓடுகிறது, அதில் காந்தக்கோடு வழியே ஓடும் ஆல்ஃவென் அலையின் வேகம் 50 கி.மீ. போலத்தான். பூமியின் காந்தப்புலம் ஆளும் காந்தக்கோளத்துக்குள் கதை தலைகீழ்: பிளாஸ்மா (மின்துகள் வாயு) மெதுவாக நகரும், அலை பறக்கும்.

கே: அப்படியானால் நான்கும் போதாது! கலங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடச் சிறிய அலை தெரியாதே?

ப: சரி, இதில் ஜெயித்தது நீங்கள். அதனால்தான் எம்எம்எஸ் கலங்களைச் சுமார் 7 கி.மீ. வரை நெருக்கிப் பறக்க விட்டார்கள். பெரிய அலைக்கு அகலமாகவும், சின்னதற்கு நெருக்கமாகவும் ஒரே நேரத்தில் பறக்க வேண்டுமென்றால் நான்கு பத்தாதுதான்.

கே: புயலில் தலைவலி...

ப: மேலே பாருங்கள்.

கே: துருவம் எப்போது புரளும்?

ப: கடைசியாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அது பூமியின் கருவில் நடப்பது, இன்றைய பேச்சு வெளியே நடப்பது.

கே: சார், விடுதித் தொட்டி மோட்டார்தான்.

ப: நினைத்தேன். கருவியைத் தள்ளி வைத்துவிட்டு நடுப்பகல் வளைவைப் பாருங்கள். திருநெல்வேலி அளவிலிருந்து அலிபாக் அளவைக் கழித்தால் மிஞ்சுவது நிலநடுக்கோட்டு மின்னோடையின், அதாவது அங்கே வானில் பகலில் ஓடும் மின்னோட்டத்தின், விளைவு. அதற்கு மோட்டார் வேண்டாம்.