அலறலும் பயிற்சியும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரை ஒன்றில் பெயரைப் பார்த்து ஜெர்மன் சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மானின் 'மெஷின் கன்' இசைத்தட்டைக் கேட்டேன். நாலு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. ஆளாளுக்கு ஊதித் தள்ளுகிறார்கள். இதை யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாமே? கட்டுப்பாடில்லாமல் அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ், இரைச்சலையே இசையாக்கும் நாய்ஸ் ராக் பக்கம் வர எதிலிருந்து தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

நாலு நிமிடம் தாங்கினீர்களே, சந்தோஷம். பிடிக்காமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்த 'யார் வேண்டுமானாலும்' இருக்கிறதே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. சில நாட்களாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான்.

இளவயதில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் சாக்ஸபோன் பழகினான். ப்ரோட்ஸ்மான் மாதிரி அலறவைக்க வேண்டும் என்று பிடிவாதம். மாதக்கணக்கில் வந்தது கீச்சுச் சத்தம் மட்டும்தான். அந்தக் கருவியில் வழக்கமான உச்சத்துக்கு மேலே ஏற விரல் மட்டும் போதாது. உதடும் தொண்டையும் மூச்சும் சேர்ந்து அந்த ஒலியைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரே ஊதலில் இரண்டு மூன்று ஒலிகளை எழுப்புவது இன்னும் கஷ்டம். கடைசியில் அவன் ஒற்றைச் சுரத்தை நீட்டி ஊதும் பாடத்துக்கே திரும்பிவிட்டான். நானும் நிம்மதியாகத் தூங்கினேன், அது வேறு விஷயம்.

'மெஷின் கன்' 1968 மே மாதம் ஜெர்மனியின் ப்ரேமன் நகரில் பதிவானது. மூன்று சாக்ஸபோன், பியானோ, இரண்டு பாஸ், இரண்டு டிரம்ஸ். எந்த கம்பெனியையும் நம்பாமல் ப்ரோட்ஸ்மானே 300 பிரதிகள் போட்டார். சுமார் 17 நிமிடம் ஓடும் அந்தத் தலைப்பு இசையின் கடைசிப் பகுதியில், இத்தனை களேபரத்துக்கு நடுவே, பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் ஆட்டத்துக்கான மெட்டு ஒன்றை சாக்ஸபோன்கள் சேர்ந்து பிடிக்கும். ஒருவரை ஒருவர் கேட்காதவர்களால் அங்கே வந்து சேர முடியுமா? நீங்கள்தான் அங்கே வரை போகவே இல்லையே! பாதி வழியில்கூட இல்லை, கால்வாசியில் எழுந்து வந்து தீர்ப்பு எழுதுகிறீர்கள்.

சரி, தொடங்குவதற்கு அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டு, 1960 டிசம்பரில் பதிவானது. இரண்டு நால்வர் குழுக்கள், இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. ஹெட்போனில் முதலில் ஒரு பக்கத்தை மட்டும் கேளுங்கள், பிறகு இரண்டையும். நாய்ஸ் ராக்குக்கு அவசரமில்லை. 1980களில் ப்ரோட்ஸ்மானே எலெக்ட்ரிக் கிட்டாரோடு 'லாஸ்ட் எக்ஸிட்' குழுவில் ஊதியிருக்கிறார், அந்த வழியாகவே வரலாம்.

அதற்கு முன்னால் மிச்சமிருக்கும் 13 நிமிடத்தையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கடிதத்தையும் போடுகிறேன்.