குடமும் கணக்குக் கொப்பியும்

அன்புள்ள ஐயா,

ஒட்டுசுட்டான் பக்கம் வரலாறு படிப்பிக்கிறேன். எங்கள் விழாவுக்கு வந்த பேச்சாளர் ஒருவர், "ஆயிரம் வருசத்துக்கு முன்னமே சோழர் தேர்தல் வைத்தவர்கள், சனநாயகம் வெள்ளைக்காரன் தந்ததில்லை" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இப்போது வகுப்பில் அதையே கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

பாதி சரி என்று சொல்லுங்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு, 919இலும் 921இலும் வெட்டியவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. ஆனால் வாரியம் என்ற ஊர்க் குழுக்களுக்கு ஆள் தெரிய நடந்தது சீட்டுக் குலுக்கல். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விபரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்க வைத்தார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம். கைக்குள் வேறு ஓலை ஒளித்துவைத்த ஆள் யாரோ முன்னே இருந்திருப்பான் போல!

சரி, யாருடைய பெயர் குடத்துக்குள் போகும்? அது பிராமணர் ஊர். வரி கட்டும் காணி கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு), சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70 வரை, வேதப் படிப்பு. வயலில் இறங்கி உழைத்தவனுக்கு இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. பழைய வட இந்தியாவின் வைசாலியில் இருந்த லிச்சவிகள் என்ற குலத்தாரும் கூடிப் பேசித்தான் ஆண்டார்கள், கூடியவர்கள் ராசகுடியினர். எழுத்து வாசனை இல்லாத என் அப்பாச்சிக்கு வாக்குக் கிடைத்தது 1931இல், வெள்ளைக்காரன் காலத்து டொனமூர் அரசியல் யாப்பால். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் திரும்பத் திரும்ப வாசிப்பது கணக்குப் பற்றிய வரியைத்தான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனின் பெயர் குடத்துக்குள் போகாது. தகப்பன், மகன், மருமகன், மாமனார், மனைவியின் சகோதரன் என்று அவன் சொந்தக்காரர் பெயரும் போகாது. பதவியோ 360 நாள்தான்.

எங்கள் குளத்தடியில் சிறுபோகக் கூட்டம் நடக்கும். தண்ணீர் எத்தனை அடி, எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசு என்றைக்குத் திறப்பது, எல்லாம் கை உயர்த்தி அரை மணித்தியாலத்தில் முடியும். கணக்கு என்றால்தான் பலருக்கு வேறு அலுவல் ஞாபகம் வரும். ஒரு வருசம் நானே பொருளாளர். வாய்க்கால் துப்புரவுக் காசு என் கையில். கொப்பியைக் கறையான் அரித்துப்போட்டது என்றேன். பொய் இல்லை, முதல் நாலு பக்கத்தை அரித்திருந்தது. உத்திரமேரூர் என்றால் என்னோடு என் மச்சானும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் எழும்பினார். "அப்ப மிச்சப் பக்கத்தை வாசியுங்கோ தம்பி."

வாசித்தேன். 340 ரூபா உதைத்தது.