வாசகர் கேள்வி – பதில்: 'க' வரிசைக் கால்நடைகள்

கேள்வி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனை, 'க' வரிசை எழுத்துகளில் தொடங்கும் பண்ணை விலங்குகளின் படங்களை ஒட்டிப் பெயர் எழுதி வருமாறு பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். கழுதை, குதிரை, காளை ஆகிய மூன்றோடு நின்றுவிட்டோம். கோழியைச் சேர்க்கலாமா, பறவை என்று அடித்துவிடுவார்களா? என் மாமியார் கோவேறு கழுதையையும் சேர்க்கச் சொல்கிறார். அது தனி விலங்கா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கோழியைத் தயங்காமல் சேருங்கள். அறிவியல் வகைப்பாட்டின்படி பறவைகளும் விலங்குலகத்தைச் சேர்ந்தவைதாம் என்பதால், ஆசிரியர் அதை அடிப்பதற்கு நியாயம் இல்லை. கோழியோடு காடையும் கினிக்கோழியும் வந்துவிடும். முட்டை பொரிய காடைக்கு 17 அல்லது 18 நாட்களும், கோழிக்கு 21 நாட்களும், கினிக்கோழிக்கு 26 முதல் 28 நாட்களும் ஆகும். படங்களுக்குக் கீழே இதையும் எழுதச் சொன்னால், பையனுக்கு வெறும் ஒட்டுவேலையாக அது முடிந்துவிடாது.

கோழிப் படத்தின் அருகில் எழுதத் தகுந்த உள்ளூர்ச் செய்தி ஒன்றும் உண்டு. கோழிகளைக் கூட்டமாகக் கொன்றுவிடும் வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். ராணிக்கெட் என்பது இமயமலைப் பகுதியில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். நம் ராணிப்பேட்டைக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த நோய்க்கான தடுப்பு மருந்துக்கும் ராணிப்பேட்டைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1932இல் அங்கே தொடங்கப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருத்துவ நிலையம், மாடு, ஆடு, கோழி ஆகியவற்றுக்கான தடுப்பூசி மருந்துகளைத் தயாரித்து வருகிறது.

அடுத்து, கன்று, கிடாரி, காளை, கிடா, குட்டி ஆகியவற்றைப் பார்ப்போம். இவை தனித்தனி இனங்கள் அல்ல என்று கண்டிப்பான ஆசிரியர் ஒருவர் மறுக்கக்கூடும். ஆயினும் மாடு வளர்ப்பவருக்கு, இன்னும் ஈனாத கிடாரியும் காளையும் விலையிலும் தீவனத்திலும் பராமரிப்பிலும் வெவ்வேறுதான் என்பதால், அவற்றை ஒரே வரிசையில் குடும்பமாக ஒட்டச் சொல்வேன். கன்றுக்கு மட்டும் கூடுதலாக இடம் விடுங்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்பொருள்கள் கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலின் வழியாகவே அவை கிடைக்கின்றன. சீம்பாலைக் கறந்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் கன்றின் வயிறு நிறைந்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

இணையத்தில் படம் தேடுவதைவிட, விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை வாய்த்தால் பையனை வேலூர் அருகே உள்ள பொய்கை மாட்டுச் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். கன்று, கிடாரி, காளை ஆகியவற்றை ஒரே இடத்தில் கைப்பேசியில் படம் பிடித்துவிடலாம். தை மாதத்தில் வேலூர், திருப்பத்தூர்ப் பக்கம் நடக்கும் எருது விடும் விழாக்களிலும் காளை கிடைக்கும். ஆனால் குறித்த தூரத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடக்க அது பாய்ந்தோடும் இடம், சிறு பிள்ளையோடு நின்று படம் எடுப்பதற்கு ஏற்றதன்று.

குதிரை நம் பக்கத்து உழவில் இல்லை, எனினும் பட்டியலில் இருக்கட்டும்.

உங்கள் மாமியார் சொன்னதும் சரியே. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டிலிருந்தும் பாதிப் பாதி பெறும் கோவேறு கழுதைக்கு 63. இந்த எண்ணிக்கை சரிசமமாக இணை சேராததால் அதற்குக் குட்டி பிறப்பது மிக மிக அரிது. ஆகவே தனி இனம் என்று எழுதாமல், 'கலப்பினம்' என்று குறிப்பிடச் சொல்லுங்கள். படத்துக்கு, மலைப்பகுதிகளில் இந்திய ராணுவத்துக்காகச் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளைத் தேடினால் நல்லவை கிடைக்கும்.